மீன்கிடங்கு மேடையில் ஓரங்க நாடகங்கள்

புதியவர்கள் எழுதிய குறுநாடகங்களை ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்ப்பதில் என்ன சுகம் என்று கேட்பவர்களிடம் நான் 1916ஆம் ஆண்டுக் கோடையைப் பற்றிச் சொல்வேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கடலுக்குள் வளைந்து நீளும் கேப் காட் நிலத்தின் நுனியில் இருக்கிறது ப்ராவின்ஸ்டவுன். எழுத்தாளர் மேரி ஹீட்டன் வோர்ஸுக்குச் சொந்தமான படகுத்துறையின் மேல் நின்ற பழைய மீன்கிடங்கில் மரப்பலகைகளைப் போட்டு, சில நண்பர்கள் தாங்கள் எழுதியதைத் தாங்களே நடித்தார்கள். மிகச் சிறிய மேடை. அந்தச் சிறுமைதான் அவர்களுக்கு ஆசானாக அமைந்தது என்பது என் எண்ணம். எதை உள்ளே கொண்டுவருவது, எதை வெளியிலேயே நிறுத்துவது என்று அது ஒவ்வொருவரையும் கேட்டது.

ஜூலை இறுதியில் யூஜின் ஓநீலின் நாடகம் முதன்முதலாக மேடையேறியது. அவருக்கு அப்போது 27 வயது. ‘பவுண்ட் ஈஸ்ட் ஃபார் கார்டிஃப்’ நாடகத்தில் கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. சரக்குக் கப்பலில் மாலுமிகள் தங்கும் அறையில், விழுந்து அடிபட்ட யாங்க் என்ற மாலுமி செத்துக்கொண்டிருக்கிறான். நண்பன் டிரிஸ்கல் பக்கத்தில் இருக்கிறான். இருவரும் கடலைவிட்டுத் தூரமாய் ஒரு பண்ணை வாங்கியிருக்கலாமே என்று பேசுகிறார்கள். வெளியே மூடுபனி. அன்றிரவு துறைமுகத்திலும் உண்மையாகவே பனி இறங்கியிருந்தது. தரைப்பலகைக்கு அடியில் கடல்நீர் அலம்பியது. அந்த வாய்ப்பெல்லாம் இல்லாத அரங்கிலும் இந்த நாடகம் நிற்கும். யாங்க் இறந்த கணத்தில் இன்னொரு மாலுமி உள்ளே வந்து பனி விலகிவிட்டது என்கிறானே, அந்த ஒரு இடம் போதும். யாங்க்கின் பழைய நினைவுகளில் சிலவற்றைக் குறைத்திருக்கலாம் என்பது மட்டும் என் குறை.

அதே இரவு லூயிஸ் பிரையன்ட்டின் ‘தி கேம்’ நாடகமும் நடந்தது. வாழ்வும் சாவும் மனிதர் உயிரைப் பணயம் வைத்துப் பகடை உருட்டுகின்றன. கருத்து பிடிபட்டதும் பார்ப்பதற்கு மேலே எதுவும் மிச்சமில்லை. ஆனால் பக்கத்தில் இப்படி ஒன்று இருந்தால்தான் ஓநீல் எவ்வளவு சொல்லாமல் விட்டார் என்பது உறைக்கிறது.

ஆகஸ்டில் வந்தது சூசன் கிளாஸ்பெல்லின் ‘ட்ரைஃபிள்ஸ்’. நாவல்கள் எழுதியவர்தான், நாடகத்துக்கோ புதியவர். கணவர் ஜார்ஜ் கிராம் குக் மனைவியின் நாடகம் வருவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டார். கிளாஸ்பெல் காலி அரங்கின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, அந்த வெற்றுமேடை ஒரு சமையலறையாக மாறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு அயோவாவில் நிருபராக இருந்தபோது 1900இல் அவர் எழுதிய ஒரு கொலைவழக்குச் செய்திதான் கரு.

தூக்கத்தில் கழுத்து இறுக்கப்பட்டுச் செத்தவன் வீடு. மனைவி மின்னி சிறையில். ஷெரிஃபும் அரசு வழக்கறிஞரும் மாடியிலும் தொழுவத்திலும் தடயம் தேட, உடன்வந்த இரு பெண்கள் சமையலறையில் நிற்கிறார்கள். குளிரில் வெடித்த பழப்பாகு ஜாடிகள், பாதியில் விட்ட வேலை, கோணல்மாணலாய்ப் போன ஒட்டுத்துணித் தையல், கதவு பிய்ந்த கூண்டு, கடைசியில் கழுத்து முறிக்கப்பட்ட பாட்டுப்பறவை. மின்னி மேடைக்கு வரவேயில்லை. மூன்று மணிநேர நாடகமாக இருந்தால் அவள் வந்து அழுதே ஆகவேண்டும். இங்கே அவளுடைய சாமான்களே சாட்சி சொல்லிவிடுகின்றன. ஓநீலின் நாடகத்தைவிட இதை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

அடுத்த ஆண்டே இதைச் சிறுகதையாகவும் எழுதினார் கிளாஸ்பெல். அருமையான கதை. ஆனாலும் எனக்கு நாடகமே பிடிக்கிறது. கதையில் அந்தப் பெண்களின் மனத்துக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார். மேடையில் அதற்கு வழியில்லை. கோணல் தையலைப் பிரித்து நேராகத் தைக்கத் தொடங்குகிறார் அந்த இருவரில் ஒருவரான மிஸஸ் ஹேல். ஏன் அப்படிச் செய்கிறார் என்று யாரும் விளக்காமலே, பார்ப்பவர் அதற்குள் மின்னியின் பக்கம் சேர்ந்துவிடுகிறார். அந்தப் பாத்திரத்தில் முதலில் நடித்தவர் கிளாஸ்பெல்லேதான்.