பட்டியலும் பண்டமும்

உணவகத்து ஒயின் பட்டியலுக்கும் நூலாராய்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார் உளர். தொடர்பு உண்டு. பட்டியலும் ஒருவகை நூலே. அதற்கு ஆக்கியோன் உண்டு, வைப்புமுறை உண்டு, படிப்போர் உண்டு. நூலில் பிழை நேர்ந்தால் படிப்பவனின் அறிவு மயங்கும். பட்டியலில் பிழை நேர்ந்தாலோ அவன் கைப்பொருளும் உடன் போகும். ஆதலின் பட்டியலைத் திறனாயும் கடமை, நூலைத் திறனாயும் கடமையினும் சிறியதன்று.

திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்துப் பெறும் மதுவே ஒயின். அது தமிழர்க்கு முற்றும் புதிய பொருளன்று. யவனர் நற்கலங்களில் கொணர்ந்த மணமிக்க தேறலை அருந்தி இனிது வாழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் காணலாம். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அருந்துவதா, விலக்குவதா என்பது அவரவர் ஒழுக்கத்தைப் பொறுத்தது. ஈண்டு ஆராயப்படுவது மதுவன்று; மதுவைப் பற்றி எழுதப்பட்ட ஏடு.

ஊனும் துவர்ப்பும்

அமெரிக்க நாட்டில் ஸ்டேக் உணவகங்கள் பெயர் பெற்றவை. தடித்த மாட்டிறைச்சித் துண்டத்தை மிகுந்த வெப்பத்தில் வாட்டிப் பரிமாறுவதே அவற்றின் தொழில். அவ்வூனுக்குத் துணையாகச் சிவப்பு ஒயினை நாடுவது நெடுநாள் வழக்கம். இதற்குக் காரணம் அறுசுவையுள் ஒன்றான துவர்ப்பே. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள், உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு சேர்ந்து நாவை வறளச் செய்யும். ஊனின் கொழுப்பும் புரதமும் அத்துவர்ப்பைத் தணிக்கும். துவர்ப்பு, கொழுப்பின் திகட்டலைப் போக்கும். ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கிறது.

ஆயினும் எல்லா ஊனும் ஒன்றல்ல. விலாப் பகுதியிலிருந்து எடுக்கும் ரிப்ஐ என்னும் துண்டம் கொழுப்பு மிகுந்தது. அதற்குத் துவர்ப்பு மிக்க கேபர்னே சோவினியோன் ஏற்கும். ஃபிலே என்பதோ மென்மையானது, கொழுப்புக் குறைந்தது. பினோ நுவார் போன்ற மெல்லிய ஒயினே அதற்குப் பொருந்தும். நாப்பா பள்ளத்தாக்கின் கேபர்னே சோவினியோனையே பக்கம் பக்கமாக அடுக்கும் பட்டியல், ஃபிலே உண்ண வந்தவனை மறந்த பட்டியலாகும். கூறியது கூறலைப் பவணந்தியார் நூற்குற்றங்களுள் வைத்தது எத்துணைப் பொருத்தம்!

பத்துக் குற்றமும் பட்டியலும்

நன்னூல் கூறும் நூற்குற்றம் பத்து. அவற்றுட் பல இங்கும் பயன்படும். ஒயினின் பெயரைத் தந்து, அறுவடை ஆண்டைத் தாராது விடுவது குன்றக் கூறல். பிரான்சு நாட்டுப் போர்தோ வட்டாரத்தில் 1982ஆம் ஆண்டு விளைச்சல் பெரும்புகழ் பெற்றது. 1984ஆம் ஆண்டு விளைச்சலோ தாழ்ந்தது. ஒரே தோட்டம், ஒரே பெயர், ஆண்டு வேறானால் பண்டம் வேறு, விலை வேறு. அதனை மறைத்து விலையை மட்டும் அச்சிடும் பட்டியல் வாய்மை உடையதாகாது.

மயங்க வைத்தல் என்னும் குற்றத்திற்கும் சான்று உண்டு. மார்கோ என்பது போர்தோவில் ஓர் ஊர். அதனைச் சூழ்ந்த திராட்சை நிலப்பகுதிக்கும் அதுவே பெயர். அங்கே பல தோட்டங்கள் உள. ஷாத்தோ மார்கோ என்பதோ அவற்றுள் ஒரு தோட்டம். 1855ஆம் ஆண்டின் தரப்பிரிவில் முதல் வரிசை பெற்ற நான்கு தோட்டங்களுள் அது ஒன்று. இரண்டின் விலையும் மலையும் மடுவும் போன்றவை. பட்டியலில் மார்கோ என்று மட்டும் எழுதினால், படிப்பவன் எதனைக் கொள்வான்? விளைவித்தவர் பெயர், நிலம், ஆண்டு, புட்டியின் அளவு, விலை ஆகிய ஐந்தும் தெளிவாக இருத்தல் பட்டியலுக்கு இன்றியமையாதது.

தம்பாவின் பெருநூல்

புளோரிடா மாநிலத்துத் தம்பா நகரில் பெர்ன்ஸ் ஸ்டேக் ஹவுஸ் என்னும் உணவகம் உள்ளது. பெர்ன் லாக்சரும் அவர் மனைவி கெர்ட்டும் 1956இல் தொடங்கியது அது. அங்கே ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஒயின் வகைகளும், ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட புட்டிகளும் உள்ளன எனக் கூறப்படுகிறது. பட்டியல் ஒரு காலத்தில் தடித்த நூலாகி, மேசையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டும் இருந்தது. ஒயின் ஸ்பெக்டேட்டர் என்னும் இதழ் உணவகப் பட்டியல்களுக்குப் பரிசளிக்கத் தொடங்கிய 1981ஆம் ஆண்டிலேயே அதன் உயர்பரிசை இவ்வுணவகம் பெற்றது.

அளவைக் கண்டு வியப்பது எளிது. திறனாய்வு வியப்போடு நின்றுவிடலாகாது. ஆறாயிரம் பெயர்களை ஒரு மாலைப்பொழுதில் யார் படிப்பார்? பசியோடு அமர்ந்தவனுக்கு இது மிகைபடக் கூறலே ஆகும். துணைக்கு வந்து வழிகாட்டும் ஒயின் பணியாளர் இல்லையேல், அப்பெருநூல் உரையில்லாத பழைய இலக்கணம் போல் கற்றார்க்கே பயன்படும். இது குறையே, புகழின் பொருட்டு மறைக்கத் தக்கதன்று.

எனினும் மூன்று சிறப்புகள் அக்குறையை ஈடுசெய்கின்றன. முதலாவது, நேர்த்தி. அங்கே ஊன் பட்டியலிலும் துண்டத்தின் தடிமன், எடை, எத்தனை பேர்க்குப் போதும் என்பன அட்டவணையாக உள்ளன. அளந்து சொல்லும் அப்பழக்கம் அவ்வுணவகத்தின் இயல்பையே காட்டுகிறது. இரண்டாவது, எளியோர்க்கு இடம். முழுப்புட்டி வாங்க இயலாதவனும் பழைய ஆண்டுகளின் ஒயினைக் கோப்பைக் கணக்கில் பெறலாம். பல உணவகங்கள் தாம் வாங்கிய விலையின் இரண்டு மூன்று மடங்கை ஒயினுக்கு வைக்கின்றன. லாக்சரோ விலை குறைந்திருந்த காலத்தே வாங்கிச் சேமித்தவர். ஆதலின் பழைய ஒயின்கள் பல அங்கே பிற இடங்களினும் மலிவாகக் கிடைப்பதாகப் பெயர் பெற்றன.

மூன்றாவதே தலையாயது. உணவு முடிந்தபின் விருந்தினரை அடுக்களைக்கும் ஒயின் சேமிப்பறைக்கும் அழைத்துச் சென்று காட்டுவது அங்கே வழக்கம். காண்பது சேமிப்பின் ஒரு பகுதியே ஆயினும், ஏட்டில் படித்த புட்டிகளை அடுக்கில் கண்ணாரக் காணலாம். லாக்சர் 2002இல் மறைந்தார், அவ்வழக்கம் மறையவில்லை.

மிலானின் வெற்றேடு

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்று 2008இல் வெளிப்பட்டது. ராபின் கோல்ட்ஸ்டீன் என்னும் எழுத்தாளர், இத்தாலியின் மிலான் நகரில் ஓர் உணவகம் இருப்பதாகக் கற்பனை செய்தார். ஒஸ்தேரியா லிந்த்ரேப்பிடோ என்று அதற்குப் பெயரிட்டார். உணவுப் பட்டியலும் ஒயின் பட்டியலும் எழுதி, 250 டாலர் கட்டணத்தோடு முற்கூறிய இதழின் பரிசுக்கு விண்ணப்பித்தார். விலையுயர்ந்த சிறப்புப் பகுதியில், அவ்விதழே முன்பு இகழ்ந்து எழுதிய ஒயின்களைத் தேர்ந்து வைத்தார். மூன்று படிகளுள் முதற்படிப் பரிசு அந்த இல்லாத உணவகத்திற்குக் கிடைத்தது!

இதழாரும் விடை கூறினர். இகழப்பட்ட ஒயின்கள் பட்டியலில் சிறு பகுதியே. ஏனையவற்றுள் நல்லன பல. மிலானுக்குப் பலமுறை தொலைபேசியில் அழைத்தும் பதிவுக்கருவியே விடையளித்தது. வஞ்சித்தவர் மீதே குற்றம் என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. பொய் சொன்னவனை விட்டு, நம்பியவனை மட்டும் பழித்தல் முறையாகாது. உயர்பரிசுக்கு உரிய உணவகங்களை அவ்விதழார் நேரிற் சென்று காண்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பட்டியல் பிழையற்றதாக இருந்திருக்கலாம். பெயரும் ஆண்டும் விலையும் செம்மையாக அமைந்திருக்கலாம். அதன் பின்னே ஒரு புட்டியும் இல்லையே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ? வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்து, வகுப்பறையை எட்டிப் பாராமல் பள்ளி நன்று என்று எழுதிச் செல்லும் மேற்பார்வையாளரை ஆசிரியர் யாவரும் அறிவர். அவர் எழுதிய குறிப்பில் எழுத்துப்பிழை இராது. பிள்ளைகள் கற்றார்களா என்பதும் இராது.

முடிவு

ஆகவே ஒயின் பட்டியலை மதிப்பிடுவார் மூன்று வினாக்களை நிரலே எழுப்புதல் வேண்டும். எழுதியது இருக்கிறதா? இருப்பதை அறியாதவனும் அறியுமாறு எழுதியிருக்கிறதா? சிறு பணம் கொண்டு வந்தவனுக்கும் நல்லது ஒன்று அதில் உண்டா? எத்தனை வகை என்னும் வினா இவற்றிற்குப் பின்னரே வரத்தக்கது. ஐம்பது பெயரே கொண்ட பட்டியலாயினும், இம்மூன்றுக்கும் ஆம் என்று விடையளிக்குமாயின், அது ஆறாயிரம் பெயர் கொண்ட ஏட்டோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது.

பெர்ன்ஸ் உணவகத்தின் பெருமை அதன் நூலின் பருமனில் இல்லை. படித்தவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, எழுதியது இதோ என்று காட்டும் துணிவில் இருக்கிறது. மிலானின் ஏட்டுக்கு அத்துணிவு இருக்க வழியில்லை. நூலாயினும் பட்டியலாயினும் பள்ளியாயினும், மதிப்பிடப் புகுவார் ஏட்டை மூடிவிட்டு எழுந்து, கதவைத் திறந்து உள்ளே செல்லல் வேண்டும். பரிசு அதன் பின்னர் வழங்கப்படட்டும்.