களிசானும் மேஸும்: வரலாற்று நாடகத்தின் உடை பற்றி ஒரு குறிப்பு

பேராசிரியர் கா. கணபதிப்பிள்ளையின் ‘சங்கிலி’ போன்ற வரலாற்று நாடகங்களை ஆராய்வோர் பாத்திரப் படைப்பையும் மொழிநடையையும் விரிவாகப் பேசுவர். உடையைப் பற்றிப் பேசுவது அரிது. இதனாற்போலும், நாம் காணும் மேடைகளில் 1560இற் படையெடுத்த பறங்கியனும் 1658இல் வந்த ஒல்லாந்தனும் இன்றைய நீளக் களிசானையே அணிந்து தோன்றுகின்றனர். இது சிறு குறையன்று. ஒரு நூற்றாண்டுக் கால மாற்றத்தை அவ்வுடை மறைத்துவிடுகின்றது.

இதனைத் திருத்துதற்கான சான்று நம் வீட்டு வழக்கிலேயே உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் ஆடவரின் காலுறை இரு கால்களுக்கும் தனித்தனியே துணியில் வெட்டித் தைக்கப்பட்டு, மேலாடையுடனோ உள்ளாடையுடனோ நாடாவாற் பிணைக்கப்பட்டது. 15ஆம் நூற்றாண்டில் இரண்டும் ஒன்றாயிணைந்தன. 16ஆம் நூற்றாண்டில் அவ்வுடை மேல், கீழ் என மீண்டும் பிரிந்தது. போர்த்துக்கேயர் முழுக் காலுறையைக் ‘கல்சா’ என்றனர். மேற்பகுதி ‘கல்சாவோ’ ஆயிற்று. கீழ்ப்பகுதி ‘அரைக் கல்சா’ எனப்பட்டு, ‘மேயா’ எனச் சுருங்கிற்று. முன்னையதன் வழிவந்தது நமது களிசான். பின்னையதன் வழிவந்தது மேஸ். ஊர்காவற்றுறைக்குக் ‘கயிட்ஸ்’ என்னும் பெயரைத் தந்ததும், துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லே. இவற்றைத் திரிபுச் சொற்கள் என ஒதுக்குவோர் வரலாற்றுச் சான்றையே ஒதுக்குகின்றனர்.

ஐரோப்பிய ஓவியங்களை அப்படியே பின்பற்றினாற் போதுமோ எனின், போதாது. யப்பானியரின் நன்பன் திரைகளிற் போர்த்துக்கேயர் கணுக்கால்வரை நீண்டு உப்பிய களிசானுடன் காணப்படுகின்றனர். ஆயினும் அதுவும் இன்றைய களிசானன்று. 1560இன் படைவீரனுக்குத் தொடையளவில் உப்பிய மேலுறையும் காலோடு ஒட்டிய கீழுறையும் பொருந்தும். 1658இல், கயிட்ஸ் கடற்கோட்டையைக் கைப்பற்றி ‘ஹம்மன்ஹீல்’ எனப் பெயரிட்ட ஒல்லாந்தனுக்கு முழங்காலளவுக் களிசானும் தனி மேஸும் வேண்டும்.

செலவு மிகும் என்பர். பழைய களிசானை முழங்காலில் மடித்துக் கட்டி, கெண்டைக்காலில் வெள்ளைத் துணியை இறுகச் சுற்றினாலே போதும். வேண்டுவது பணமன்று, காலத்தைப் பற்றிய கவனமே. உரையாடலில் ஆண்டுக்கணக்குத் தவறினாற் கண்டிக்கும் நாம், உடையில் நூறு ஆண்டுகள் தவறும்போது வாளாவிருத்தல் முறையன்று.