கால் இஞ்ச் பரீட்சை: சிங்கர் 221

சிங்கர் 221 தையல் மெஷினுக்குத் தெரிந்தது ஒரே தையல், நேர்த்தையல். ஜிக்ஜாக் கிடையாது. தனியாக ஒரு கருவியை மாட்டாமல் காஜா எடுக்காது. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தும் அமெரிக்காவில் குவில்ட் தைப்பவர்கள் நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்குச் சில நூறு டாலர் கொடுக்கத் தயங்குவதில்லை. அந்தக் காசுக்குத் திரையும் பொத்தான்களும் வைத்து, பூ, இலை, எழுத்து என்று பல தையல் போடும் புது மெஷினே வாங்கிவிடலாம். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று பார்க்க, நியூ ஜெர்சியில் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் அவருடைய 221ஐ இரவல் வாங்கி, குவில்ட் கட்டங்கள் தைத்தேன்.

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. முகப்பை ஒரேயடியாகத் தைக்க மாட்டார்கள். சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாகத் தைத்து, பிறகு வரிசை வரிசையாகச் சேர்ப்பார்கள். இந்தக் கட்டத்துக்குத்தான் பிளாக் என்று பெயர். இந்த மெஷின் பேர் வாங்கியது இந்த வேலையில்தான். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் கடைசி வேலையில் அல்ல.

மெஷின் 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது வெளிவந்தது. உடல் அலுமினியம் என்பதால் எடை சுமார் ஐந்து கிலோதான். ‘ஃபெதர்வெயிட்’ என்ற செல்லப்பெயர் அதனால் வந்தது. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு மெஷினைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த ஐந்து கிலோவின் அருமை புரியும். தையல் மேடையின் இடப்பக்கம் கீல் வைத்து மேலே மடங்கும். மடித்துக் கைப்பெட்டியில் வைத்து வகுப்புக்கோ தோழி வீட்டுக்கோ எடுத்துப் போகலாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரிலும், ஸ்காட்லாந்தில் கிளைட்பாங்கிலும் செய்தார்கள். ஸ்காட்லாந்துக்காரிக்குப் பெயரின் பின்னால் ‘கே’ எழுத்து இருக்கும். எலிசபெத் ஆலை 1873இல் திறந்து 1982இல் மூடியது. இன்று எடிசன் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் பலர் அந்த ஊரைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள்.

காலம் இந்த மெஷினோடு சற்று விளையாடியும் இருக்கிறது. 1960களின் கடைசியில் இதன் உற்பத்தி நின்றது. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி நடத்தியது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்கப் பெண்கள் மறுபடி கூட்டம் கூட்டமாகக் குவில்ட் தைக்க உட்கார்ந்தார்கள். கடையில் 221 இல்லை. பரணில் இருந்தது.

சோதனைக்கு முதலில் எடுத்தது ஒன்பது சதுரக் கட்டம். இரண்டரை இஞ்ச் சதுரங்கள் ஒன்பது வெட்டி, மூன்று மூன்றாகத் தைத்தால் ஆறரை இஞ்ச் கட்டம் வரவேண்டும். எல்லாத் தையலுக்கும் கால் இஞ்ச் விட வேண்டும் என்பது குவில்ட் உலகத்தின் சட்டம். இந்தக் கால் இஞ்ச் ஏன் இவ்வளவு முக்கியம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தையலில் அரைக்கால் இஞ்சில் பாதி, தச்சர்கள் பேச்சில் அரை நூல், அதிகமாகப் போய்விட்டது என்று வையுங்கள். தையலின் இரு பக்கத்துத் துணியிலும் அது குறையும். ஆக ஒரு தையலுக்கு ஒரு நூல். ஒரு கட்டத்தில் குறுக்கே இரண்டு தையல். ஆறரை இஞ்ச் வரவேண்டிய கட்டம் ஆறேகாலில் நிற்கும். எட்டுக் கட்டம் சேர்ந்த வரிசையில் இரண்டு இஞ்ச் காணாமல் போயிருக்கும். பக்கத்து வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

221 இந்தப் பரீட்சையில் தேறியது. தேறிய காரணம் பழமையோ ‘அந்தக் காலத்துத் தரமோ’ இல்லை; ஊசி இறங்கும் துளை. ஜிக்ஜாக் மெஷினில் ஊசி இடமும் வலமும் ஆட வேண்டும் என்பதால், கீழ்த்தகட்டில் அகலமான நீள்துளை இருக்கும். சின்னச் சதுரத்தின் மூலையை அதன் மேல் வைத்துத் தைக்கத் தொடங்கினால், ஊசி துணியையும் சேர்த்து உள்ளே அமுக்கிக்கொண்டு போகும். மூலை சுருங்கும், தையல் கோணும். 221இல் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை மட்டுமே. துணி மடங்கி உள்ளே போக இடமே இல்லை. ஊசித்தண்டும் மேலும் கீழும் தவிர வேறு திசை அறியாது. விளைவு, முதல் தையல் தொடங்கிக் கடைசித் தையல் வரை ஒரே கோடு. சதுரத்தைக் குறுக்கே வெட்டிச் செய்யும் முக்கோணங்களின் கூர்முனையில்கூட இது தடுமாறவில்லை. புது மெஷின்காரர்கள் இதற்காகப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. பல மெஷின்களுக்கு நேர்த்தையல் தகடு தனியாகக் கிடைக்கிறது. அதை மாற்றிப் போட்டால் வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

இரண்டாவதாக ‘லாக் கேபின்’ கட்டம். நடுவில் ஒரு சின்னச் சதுரம், மரபுப்படி சிவப்பு, வீட்டின் அடுப்பைக் குறிக்கும் என்பார்கள். அதைச் சுற்றி இரு பக்கம் வெளிர் பட்டைகள், இரு பக்கம் அடர் பட்டைகள், சுற்றுச் சுற்றாக. இங்கே நீளத் தையல் அதிகம். தையல் நீளத்தை இந்த மெஷின் மில்லிமீட்டரில் காட்டாது. ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று காட்டும். பன்னிரண்டில் வைத்தேன். நெம்புகோலை மேலே தூக்கினால் பின்தையல் போடும். ஓட்டம் மெதுவானது. புது மெஷினில் பழகிய காலுக்கு முதலில் எரிச்சல் வரும். பட்டையின் ஓரத்தைக் கண் பார்த்துக்கொண்டே போகிற வேகம் இது என்று பிறகு சமாதானம் ஆகும்.

குறைகளுக்கு வருவோம். தைக்கத் தொடங்கும்போது மேல்நூல், கீழ்நூல் இரண்டின் வாலையும் கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால், நூல் ஷட்டிலுக்குள் இழுபட்டுச் சிக்கி மெஷின் பூட்டிக்கொள்ளும். குவில்ட் தைப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு கழிவுத் துண்டின் மேல் தைத்து, நூலை அறுக்காமல் அப்படியே சதுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக விடுவது, கடைசியில் மறுபடி ஒரு கழிவுத் துண்டில் முடிப்பது. பூச்சரம் போலத் தொங்கும் சதுரங்களைப் பிறகு கத்தரித்துக்கொள்ளலாம். நூலும் மிச்சம், சிக்கலும் இல்லை.

பாபின் சின்னது, சீக்கிரம் தீரும். அளவும் இந்த வகை மெஷினுக்கே உரியது, கடையில் கிடைக்கிற எதையும் போட முடியாது. ஊசி சாதாரண வீட்டு மெஷின் ஊசிதான். ஆனால் தட்டைப் பக்கம் இடப்புறம் பார்க்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். மாற்றிக் கோத்தால் தையலே விழாது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இதற்காகத்தான். விளக்கு சுடும், அதன் பக்கத்திலேயே விரல் வேலை செய்கிறது. எல்இடி பல்பு மாற்றிவிடுவது நல்லது. கைப்பெட்டியின் பழைய பசை வாடையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

பெரிய குறை ஒன்று. ஊசிக்கும் மெஷினின் தூணுக்கும் நடுவே ஐந்தரை இஞ்ச் அளவுதான் இடம். படுக்கை அளவுக் குவில்ட்டைப் பஞ்சோடு சுருட்டி அதற்குள் நுழைப்பது வீண் மல்லுக்கட்டு. துணியை நகர்த்தும் பல்லையும் 221இல் கீழே இறக்க முடியாது. 1953இல் வந்த 222கே என்ற தங்கையில் அது முடியும். விலையும் அதற்கேற்ப எகிறும். கட்டம் தைக்க மட்டும் ஒரு மெஷின் வைத்துக்கொள்ள வீட்டில் இடமும் பணமும் உள்ளவர்களுக்கே 221 என்பது என் முடிவு.

இடையில் ஒரு கிளைக்கதை. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி, 1924இல் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவரோடு பேசும்போது சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். அந்த மாணவர்தான் பின்னாளில் சௌந்திரம் அம்மையாரோடு திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர். ஐசக் சிங்கரோ ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் நடத்தி, இருபதுக்கும் அதிகமான பிள்ளைகளுக்குத் தகப்பனானவர். காந்தி நல்ல மெஷினைத்தான் தேர்ந்தெடுத்தார், ஆளை விசாரிக்கவில்லை.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை வரவழைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அமெரிக்க மெஷின் 110 வோல்ட்டுக்கு. நம் பிளக்கில் நேராகச் செருகினால் மோட்டார் கருகும். பிரிட்டனில் விற்ற 221கே நம் மின்சாரத்துக்குப் பொருந்தும். எதுவானாலும் வயரின் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் வரவழைக்கத்தான் வேண்டுமா? வீட்டு மூலையில் துணி மூடிக் கிடக்கும் கறுப்பு உஷா மெஷின், சிங்கர் 15 வகையின் வழிவந்ததுதான். அதிலும் நேர்த்தையல்தான், வட்டத் துளைதான். கட்டம் நேராக வருவதற்கு 221இல் எது காரணமோ, அது அங்கேயும் இருக்கிறது. கால்மிதி வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது, துணியைப் பிடிக்க இரண்டு கையும் கிடைக்கும். கைச்சக்கர மெஷினில் ஒரு கை சுற்றுவதிலேயே போய்விடும். சின்னக் கட்டத்துக்கு அதுவும் போதும். ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து, அந்தக் கோட்டில் காகித டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிட்டால் துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும். இரண்டரை இஞ்சில் மூன்று சதுரத்தை வரிசையாகத் தைத்து இஸ்திரி போட்டு அளங்கள். ஆறரை வந்தால் டேப் சரியான இடத்தில் இருக்கிறது. குறைந்தால் டேப்பை ஒரு மயிரிழை ஊசிப் பக்கம் தள்ளுங்கள்.

சக்கரம் சுற்ற மறுத்தால் பெரும்பாலும் துரு காரணமாக இருக்காது. எப்போதோ யாரோ விட்ட தேங்காய் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். கால்மிதி, கைச்சக்கர மெஷினானால் எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து, கறுப்பாக வடிவதைத் துடைத்தெடுங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய், துளைக்கு ஒரு சொட்டு. பழந்துணியில் கொஞ்ச நேரம் ஓட்டி, கறை விழுவது நின்ற பிறகே வெட்டிய சதுரங்களைக் கையில் எடுங்கள்.