நெதர்லாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் குடும்ப வரலாறும்: ஒரு மதிப்பீடு

குடும்ப வரலாறு தேடுவோர் பலர் முதலில் நாடும் ஆவணம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீடு வீடாக எழுதப்பட்ட பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் 100 ஆண்டுகளும் அமெரிக்காவில் 72 ஆண்டுகளும் கழிந்தபின் அவை பொதுமக்களின் பார்வைக்கு வருகின்றன. இதே எதிர்பார்ப்புடன் நெதர்லாந்தின் கணக்கெடுப்பை அணுகுபவர் ஏமாற்றம் அடைவார். அங்கே எண்ணிக்கைகள் எஞ்சியுள்ளன. பெயர்களில் பெரும்பகுதி எஞ்சவில்லை. எனினும் குடும்ப வரலாற்றுக்கு மிகவும் பயன்படும் ஆவணம் ஒன்று அந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான் பிறந்தது. அதன் பயனையும் குறையையும் ஆபத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

கணக்கெடுப்பின் வரலாறு

நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு 1795இல் பட்டாவியக் குடியரசின் காலத்தில் நடந்தது. தேசிய சபைக்கான தேர்தல் தொகுதிகளைப் பிரிப்பது அதன் நோக்கம். அப்போதைய மக்கள்தொகை சுமார் 20 லட்சம். 1829இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1899இல் மத்திய புள்ளியியல் அலுவலகம் நிறுவப்பட்டபின் இப்பணி அதன் பொறுப்பானது. போர் காரணமாக 1940இல் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. பிறகு 1947, 1960, 1971 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. 1971இல் நடந்ததே வீடுதோறும் சென்று எடுக்கப்பட்ட கடைசிக் கணக்கெடுப்பு.

பெயர்களுக்கு நேர்ந்தது

கணக்கெடுப்பு அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டவை அட்டவணைகள். எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எந்தச் சமயம், எந்தத் தொழில் என்று கூட்டி முடித்தபின் தனியாட்களைப் பற்றிய தாள்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. 1829, 1839 ஆண்டுகளின் பெயர்ப் பட்டியல்கள் சில நகராட்சி ஆவணக் காப்பகங்களில் தப்பிப் பிழைத்துள்ளன. 1795ஆம் ஆண்டுக்குச் சில ஊர்களில் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. இவை தற்செயலாகக் கிடைப்பவை. தேடலை இவற்றை நம்பித் தொடங்கக் கூடாது.

அச்சிடப்பட்ட அட்டவணைகள் இன்று எண்ணிம வடிவில் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் முன்னோரின் பெயரைத் தேட முடியாது. ஆனால் முன்னோர் வாழ்ந்த சூழலை அறிய முடியும். சான்றாக, 1879இல் எந்தத் திருச்சபையையும் சேராதவர்கள் நாட்டில் ஆயிரத்துக்கு மூன்று பேர் அளவிலேயே இருந்தனர். 1930இல் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் அவ்வாறு இருந்தார். ஒரு கொள்ளுத்தாத்தா 1870களில் திருச்சபையை விட்டு விலகியிருந்தால் அது ஊர் பேசும் செய்தி. 1920களில் விலகியிருந்தால் அவர் பலருள் ஒருவர். இந்த வேறுபாட்டைக் காட்டுவது அட்டவணையே.

மக்கள் பதிவேடு

1849 நவம்பரில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான அரச ஆணை, அதன் முடிவுகளை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு நகராட்சியும் 1850 ஜனவரி 1 முதல் ஒரு நிலையான பதிவேட்டைப் பேண வேண்டும் என்றது. டச்சு மொழியில் பெஃபோல்கிங்ஸ்ரெகிஸ்டர் எனப்படும் இதுவே மக்கள் பதிவேடு.

கணக்கெடுப்பு ஒரு நாளின் நிலையைக் காட்டுவது. மக்கள் பதிவேடோ தொடர்ந்து எழுதப்படுவது. ஒரு வீட்டில் வாழ்ந்த அனைவரின் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், குடும்பத் தலைவருடன் உறவு, தொழில், சமயம் ஆகியவற்றுடன் எந்த ஊரிலிருந்து வந்தார், எப்போது எந்த ஊருக்குப் போனார் என்பதும் அதில் உண்டு. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவர் பெயர் கோடிட்டு அடிக்கப்படும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதை எழுத்துப்பிழைத் திருத்தம் என்று எண்ணிவிடுவதுண்டு. உண்மையில் அந்தக் கோடும் ஒரு செய்திதான்.

பிற்காலத்தில் புத்தகங்களின் இடத்தைக் குடும்ப அட்டைகள் பிடித்தன. 1939 அளவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆள் அட்டை வந்தது. ஒருவர் இறந்தபின் அவரது அட்டை ஹேக் நகரிலுள்ள மத்திய குடிவழியியல் நிறுவனத்துக்குச் செல்லும். 1994 அக்டோபர் முதல் இம்முறை கணினிக்கு மாறியது.

பயன்படுத்தும் முறை

தேடலைப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் தொடங்குவதே சரியான வழி. பிரெஞ்சு ஆட்சியில் வந்த இந்தப் பதிவு முறை 1811 முதல் ஏறத்தாழ நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டுகளும், திருமணப் பதிவுகள் 75 ஆண்டுகளும், இறப்புப் பதிவுகள் 50 ஆண்டுகளும் கழிந்தபின் திறக்கப்படுகின்றன. 'வீ வாஸ் வீ', 'ஓபன் ஆர்க்கைவ்ஸ்' ஆகிய தளங்களில் பெயரைக் கொண்டு இவற்றைத் தேடலாம். பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலேயே பதியப்பட்டிருப்பது தேடுவோருக்குப் பெரிய உதவி.

இப்பதிவுகளில் ஊரும் ஆண்டும் தெரிந்தபின் மக்கள் பதிவேட்டுக்குச் செல்ல வேண்டும். இரு பிறப்புப் பதிவுகளுக்கு இடையே அந்தக் குடும்பம் எங்கே இருந்தது, பாட்டி யாருடன் வாழ்ந்தார், பன்னிரண்டு வயதுப் பெண் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாள் போன்ற கேள்விகளுக்குப் பிறப்புச் சான்றில் விடை இல்லை. மக்கள் பதிவேட்டில் இருக்க வாய்ப்புண்டு.

குறைகள்

மக்கள் பதிவேட்டை முழுமையானது என்று கொள்வது தவறு. ஊர் மாறியவர் தாமே வந்து தெரிவித்தால்தான் எழுத்தர் எழுதுவார். தெரிவிக்காதவர் பழைய வீட்டிலேயே இருப்பதாகத் தோன்றும். பல நகராட்சிகளில் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிப் பதிவேடு இருந்தது. முதன்மைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் அந்தப் பெண் ஊரிலேயே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வீட்டு எண்கள் பலமுறை மாற்றப்பட்டன. பிறந்த நாள் போன்ற விவரங்கள் படியெடுக்கும்போது பிழைபட்டிருக்கலாம். ஆகவே அவற்றை மூலப் பிறப்புப் பதிவுடன் ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும்.

சமயம் என்ற கட்டம்

பதிவேட்டின் மிகக் கடுமையான விமர்சனத்தை எழுதியது வரலாறு. சமயத்தைக் குறிக்கும் கட்டம் தீய நோக்கத்துடன் சேர்க்கப்பட்டதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு நிர்வாகத்தில் அது வழக்கமான விவரம். 1940இல் ஜெர்மனி நாட்டைக் கைப்பற்றியபோது ஆள் அட்டை முறை தயாராக இருந்தது. பதிவேடுகளின் தேசியக் கண்காணிப்பு அலுவலகத் தலைவர் யாகோபுஸ் லென்ட்ஸ், போலியாகச் செய்யக் கடினமான அடையாள அட்டையை வடிவமைத்தார். 1941 ஜனவரியில் யூதர்கள் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என ஆணை வந்தது. அன்று அங்கிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,00,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். இதற்கு வரலாற்றாய்வாளர்கள் கூறும் பல காரணங்களுள் செம்மையான பதிவு முறையும் ஒன்று.

1943 மார்ச் 27 அன்று வில்லெம் அரொண்டேயஸ், கெரிட் வான் டெர் வேன் உள்ளிட்ட எதிர்ப்பு இயக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவு அலுவலகத்தைத் தாக்கித் தீயிட்டனர். அட்டைகளில் ஒரு பகுதி மட்டுமே அழிந்தது. அரொண்டேயஸும் தோழர்கள் பலரும் அதே ஆண்டு ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். பொதுவாக ஆவணங்கள் எரிவதை இழப்பு என்றே வரலாற்று மாணவர் கற்கிறார். இங்கே அவற்றை எரிப்பதற்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்தனர்.

அந்த நினைவு மறையவில்லை. 1971 கணக்கெடுப்பின்போது தனியுரிமை குறித்த எதிர்ப்பு பரவலாக எழுந்தது. 1981இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கைவிடப்பட்டது. இன்று அந்நாட்டின் மக்கள்தொகைப் புள்ளிவிவரங்கள் ஏற்கெனவே உள்ள பதிவேடுகளிலிருந்தே தொகுக்கப்படுகின்றன.

மதிப்பீடு

பெயர் தேடும் கருவியாக நெதர்லாந்தின் கணக்கெடுப்பு மிகக் குறைந்த மதிப்புடையது. முன்னோர் வாழ்ந்த சமூகத்தைக் காட்டும் பின்னணியாக அது நல்ல ஆவணம். மக்கள் பதிவேடோ, பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுடன் சேர்த்துப் படிக்கப்படும்போது ஒரு சாதாரணக் குடும்பத்தின் நடமாட்டத்தைப் பிற நாட்டுக் கணக்கெடுப்புகளைவிட நெருக்கமாகக் காட்டுகிறது. ஆனால் ஒரு குடும்பத்தைப் பேரனுக்குக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அதே விவரம்தான் 1941க்குப் பின் அவர்களைத் தேடி வந்தவர்களுக்கும் வழிகாட்டியது. ஆவணங்கள் திறக்கப்படப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருப்பதைத் தடை என்று சலித்துக்கொள்ளும் ஆய்வாளர், அந்த விதிக்குப் பின்னுள்ள இந்த வரலாற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தன் குடும்ப மரத்தை இணையத்தில் வெளியிடும்போது உயிருடன் இருப்பவர்களின் விவரங்களை விலக்கிவைப்பது இதிலிருந்து அவர் பெற வேண்டிய முதல் பாடம்.