சூசன் செய்த குற்றம்

சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதைகளை அண்மையில் மகளோடு சேர்ந்து மீண்டும் வாசித்தேன். முதல் நாவலில் (1950) குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து நான்கு பிள்ளைகள் நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். போருக்கு ஒரு வசனம்தான். பிறகு அலுமாரிக்குள்ளால் நார்னியா. அதை நான் பிழை சொல்லமாட்டேன். போரை மறக்கக் குழந்தைக்கு ஒரு நாடு வேண்டும்தான்.

என் பிரச்சினை கடைசி நாவல் (1956). வளர்ந்துவிட்ட சூசனுக்கு நார்னியா சிறுபிள்ளை விளையாட்டாகிவிட்டது. நைலோன் காலுறை, லிப்ஸ்ரிக், விருந்தழைப்பு என்று திரிகிறாளாம். ஆகவே அவள் இனி நார்னியாவின் தோழியல்ல! தீர்ப்புச் சொல்பவன் சொந்த அண்ணன்.

புகையிரத விபத்தில் அண்ணன், தம்பி, தங்கை, பெற்றோர் எல்லோரும் இறந்து நிலையான உலகத்துக்குப் போய்விடுகிறார்கள். இங்கிலாந்தில் சூசன் மட்டும் மிஞ்சுகிறாள். அவளின் துயரத்துக்கு நாவலில் ஒரு வரிகூட இல்லை. திருந்துவதற்கு அவளுக்கு இன்னும் காலமிருக்கிறது என்று 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார் லூயிஸ். எதிலிருந்து திருந்துவது?

விட்டுவந்த ஊரை நினைக்காமல் வந்த இடத்தில் வாழத் தொடங்கியவர்களைப் பற்றி நாங்களும் இதே தொனியில்தான் கதைக்கிறோம். நானும் கதைத்திருக்கிறேன்.

மகள் கேட்டாள்: "அப்ப செத்தவீடெல்லாம் சூசன் தனியத்தானே செய்திருப்பாள்?"