கலோரியா, மேக்ரோவா? மூன்று செயலிகளும் ஒரு தராசும்

எடை குறைக்கும் செயலி எதை இறக்கினாலும் கொஞ்ச நேரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் ஒற்றை எண்: இன்றைக்கு 1,800 கலோரி, அதற்குள் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம். இன்னொரு பக்கம் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு என்று மூன்று வட்டங்கள், மூன்றுக்கும் தனித்தனிக் கிராம் கணக்கு. ஜிம் வட்டாரத்தில் இதற்கு 'மேக்ரோ' என்று பெயர். வெறும் கலோரி எண்ணுபவரை அங்கே கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். மைஃபிட்னஸ்பால், குரோனோமீட்டர், ஹெல்திஃபைமீ மூன்றிலும் நம் வீட்டுச் சாப்பாட்டையே போட்டு, பக்கத்தில் ஒரு டிஜிட்டல் தராசையும் வைத்துக்கொண்டு, இரண்டு முறைகளையும் ஓட்டிப் பார்த்தேன்.

இரண்டும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல. ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9. கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்ட கணக்கு இது. இன்றைக்கும் பிஸ்கட் உறையில் அச்சாவது ஏறக்குறைய அதே கணக்குதான். மூன்றையும் சரியாக எழுதிவிட்டால் கலோரி தானாக வந்துவிடும். சில நாள் செயலியின் கலோரியும் நாமே பெருக்கிப் பார்க்கிற எண்ணும் கொஞ்சம் உதைக்கும். நார்ச்சத்தைக் கணக்கில் சேர்க்கும் விதமும், உறைகளில் எண்களை ரவுண்டாக்கி அச்சிடுவதும்தான் காரணம். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மேக்ரோ விகிதத்தை மாற்றினால் எடை வேகமாக இறங்குமா? 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஃபிராங்க் சாக்ஸ் குழுவினரின் ஆய்வு வந்தது. அதிக எடையுள்ள 811 பேர், விகிதம் வெவ்வேறான நான்கு உணவுத் திட்டங்கள், இரண்டு ஆண்டுகள். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எடை குறைந்தது. தராசு முள்ளை இறக்குவது மொத்தக் கலோரிதான் என்பதில் ஜிம் நண்பர்கள் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அப்படியென்றால் மேக்ரோவை மூட்டை கட்டிவிடலாமா? கூடாது. அதில் ஒரு வட்டம், புரதம், நம் தட்டுக்கு மிகவும் தேவை. புரதம் பசியை நெடுநேரம் அடக்கும். எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து கரைவதைக் குறைக்கும். அதைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும். மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 சதவீதம், கொழுப்புக்கு அதைவிடக் குறைவு.

இட்லியை எடுத்துக்கொள்வோம். செயலியில் 'இட்லி' என்று தேடினால் பத்துப் பதிவுகள் வரிசைகட்டும், ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஒருவர் போட்டது மினி இட்லி, இன்னொருவர் போட்டது கல்யாணப் பந்தி இட்லி. இதற்கு ஒரே வழி, மாவையே 'ரெசிபி' பகுதியில் ஏற்றிவிடுவது. 400 கிராம் இட்லி அரிசி, 100 கிராம் உளுந்து. இரண்டும் சேர்ந்து சுமார் 1,740 கலோரி, 54 கிராம் புரதம். அந்த மாவில் 28 இட்லி வந்தது என்றால் ஒன்றுக்கு 62 கலோரி, 2 கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதம். நான்கு இட்லி சாப்பிட்டால் 250 கலோரி, புரதமோ 8 கிராமைத் தொடவில்லை. கலோரி முறையில் இது பச்சை விளக்கு வாங்கும் காலை உணவு. புரத வட்டத்தைப் பார்த்தால்தான் பதினோரு மணிக்கு ஏன் வடை தேடுகிறோம் என்பது புரிகிறது.

70 கிலோ எடையுள்ளவருக்குப் பொதுப் பரிந்துரை நாளொன்றுக்கு சுமார் 58 கிராம் புரதம்: ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. எடை குறைக்கும்போது கிலோவுக்கு 1.2 கிராம் அல்லது அதற்கு மேலும் சொல்வதுண்டு. அப்போது 84 கிராம். இட்லி, சாம்பார் சாதம், இரவு தோசை என்று ஓடும் சைவத் தட்டில் பாதியைத் தாண்டுவதே பெரும்பாடு. ஒரு கிண்ணம் சாம்பாரில் பருப்பு 20 கிராம் இருந்தாலே அதிகம், அதில் புரதம் 4 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 10 கிராம், ஒரு முட்டை 6, 100 கிராம் பனீர் 18, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராம் போட்டால் சுமார் 25. இந்த நாலைந்து எண்கள் மனசில் பதிந்த பிறகு சாயங்காலம் மிக்சர் டப்பா பக்கம் கை போவது குறைந்தது. வெறும் கலோரிக் கணக்கு அதைச் செய்யவில்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் அப்படியே, சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மருந்தைக் குறைக்காவிட்டால் ஆபத்து.

மற்ற இரண்டு வட்டங்களை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையப் போகிறது, கலோரிக்குள் இருந்தால் போதும்.

கணக்கைக் கவிழ்ப்பது எண்ணெய். கரண்டியால் ஊற்றும்போது எவ்வளவு போகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. எண்ணெய்ப் பாட்டிலைத் தராசில் வைத்து 'டேர்' பட்டனை அழுத்துங்கள், திரையில் பூஜ்யம் வரும். எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தால் குறைந்த எடை மைனஸில் தெரியும். அதுதான் தட்டுக்குப் போன எண்ணெய். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் ஏறக்குறைய 40 கலோரி. மூன்று தோசைக்குத் தலா இரண்டு டீஸ்பூன் விட்டால் எண்ணெய் மட்டுமே 240, அதாவது இன்னொரு நான்கு இட்லி! எந்தச் செயலியும் இதை நமக்காகக் கண்டுபிடித்துத் தராது. ஹெல்திஃபைமீயில் தட்டைப் படம் எடுத்தாலே உணவைச் சொல்லும் வசதி உண்டு. பொங்கலைப் பொங்கல் என்று கேமரா சொல்லிவிடும், உள்ளே உருகிப்போன நெய்யை எப்படிப் பார்க்கும்?

1992இல் வந்த ஒரு சிறிய ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. 'குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை' என்றவர்களை அளந்து பார்த்தார்கள். தாங்கள் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதத்தை அவர்கள் கணக்கில் காட்டவே இல்லை. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் ஒரு எண்ணெய்ப் பாட்டில் இருந்திருக்கும்.

செயலிகளுக்கு வருகிறேன். மைஃபிட்னஸ்பால் 2005இல் பிறந்தது. பயனர்களே ஏற்றிய உணவுப் பட்டியல் பிரம்மாண்டமானது, அதன் பலமும் பலவீனமும் அதுதான். பார்கோடு ஸ்கேன் செய்வதை 2022இல் சந்தாவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஹெல்திஃபைமீ நம்மூர்க்காரர்களுக்குத் தேடச் சுலபம், கட்டோரி (சிறு கிண்ணம்) கணக்கிலேயே எழுதலாம். அதைத் தொடங்கிய துஷார் வசிஷ்ட், அதற்கு முன் நண்பர் ஒருவரோடு, அப்போது வறுமைக்கோடு என்று சொல்லப்பட்ட நாளொன்றுக்கு 32 ரூபாயில் வாழ்ந்து பார்த்தவர். வறுமைக்கோட்டைச் சோதித்தவர் தொப்பைக் கணக்குக்கு வந்து சேர்ந்தது எனக்கு வியப்புதான். கனடாவின் குரோனோமீட்டர் பார்க்க வறட்டுக் கணக்குப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் எண்கள் அமெரிக்க வேளாண் துறை போன்ற சோதிக்கப்பட்ட பட்டியல்களிலிருந்து வருகின்றன, மேக்ரோ இலக்கும் ரெசிபியும் இலவசத்திலேயே உண்டு. தேடினால் ரசம் சரியாகக் கிடைக்காது, நாமே ஏற்ற வேண்டும். வீட்டில் சமைத்துச் சாப்பிடுபவருக்கு என் ஓட்டு இதற்கே. ஹோட்டலில் சாப்பிடுபவர்களுக்கு ஹெல்திஃபைமீ. பிரியாணிக் கணக்கு எப்படியும் தோராயம்தான்.

சந்தா கட்டும் எண்ணமிருந்தால் அந்தப் பணத்தில் முதலில் தராசை வாங்குங்கள். ஒரு கிராம் துல்லியம், ஐந்து கிலோ கொள்ளளவு போதும். குக்கரைப் பாத்திரத்தோடு தூக்கி வைத்தாலும் தாங்கும்.

கடைசியாக, செயலியில் ஒரு செட்டிங். ஸ்மார்ட் வாட்சைச் செயலியோடு இணைத்தால், நடந்து எரித்த கலோரியை அன்றைய சாப்பாட்டில் கூட்டிக் கொடுக்கும். கைக்கடிகாரங்களை ஸ்டான்ஃபோர்டில் 2017இல் சோதித்தபோது, எரிந்த கலோரியைச் சொல்வதில் இருப்பதிலேயே துல்லியமானதே சராசரியாக 27 சதவீதம் தவறியது. அந்த எண்ணை நம்பி ஒரு பரோட்டாவைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். இணைப்பை அணைத்துவிடுங்கள், நடப்பதை நிறுத்த வேண்டாம்.