எபிரெயர் நிருபத்தில் பலியும் அர்ப்பணமும்

புதிய ஏற்பாட்டு நூல்களுள் எபிரெயர் நிருபம் தனித்ததொரு நடை உடையது. அதன் ஆசிரியர் தம் பெயரை யாண்டும் கூறினாரில்லை. ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செலுத்தப்பெறும் பலி மனிதனின் மனச்சான்றைத் தூய்மையாக்க வல்லதா என்னும் வினாவே, அந்நூலின் 13 அதிகாரங்களுக்கும் நடுநாயகமாக நிற்கின்றது.

லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரம் பாவநிவாரண நாளை விவரிக்கின்றது. அன்று பிரதான ஆசாரியர் திரைக்கு அப்பாற் சென்று, முதலில் தம் பிழைக்காகவும் பின்னர் மக்கள் பிழைக்காகவும் இரத்தம் தெளிப்பார். நிருப ஆசிரியர் இச்சடங்கை இகழவில்லை. மறுபடியும் செய்யவேண்டியிருப்பதே அதன் குறைவுக்குச் சான்று என்கிறார். கிறிஸ்து ஒரே முறை தம்மையே அளித்தார் என்பது அவர்தம் முடிபு.

இவ்வாதத்தின் உயிர்நாடி 10ஆம் அதிகாரம். ஆங்கு 40ஆம் சங்கீதம் எடுத்தாளப்படுகின்றது. எபிரேய மூலம் செவியைப் பேசுமிடத்தில், ஆசிரியர் கையாளும் கிரேக்க வாசகம் உடலைப் பேசுகின்றது. இதனைப் பிழை என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கேட்கும் செவியும் கீழ்ப்படியும் உடலும் ஒன்றன் இரு நிலைகளே. இறைவன் வேண்டுவது மனமுவந்து ஒப்புவிக்கப்பெற்ற வாழ்வு என்பதே இரண்டன் பொருளும்.

எனினும், மோசேயின் சட்டம் வெறும் புறச்சடங்கு என்றும், இரக்கம் பின்னரே தோன்றிற்று என்றும் இந்நிருபத்தைக் காட்டிக் கூறுவார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. நீதியற்ற பலியை ஆமோஸும், இரக்கமற்ற பலியை ஓசியாவும் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கண்டித்தனர். லேவியராகமம் 5ஆம் அதிகாரமோ, ஆடு கொணர இயலாதவன் இரு பறவைகளையும், அதற்கும் வகையற்றவன் சிறிது மாவையும் கொணரலாம் என்கின்றது. இரத்தமின்றியே அவ்வேழைக்கு மன்னிப்பு உண்டு. நிருபத்தின் 9ஆம் அதிகாரம் இரத்தம் பற்றிய பொதுவிதியைக் கூறுகையில் ‘ஏறக்குறைய’ என்னும் பொருள்பட ஒரு சொல்லைப் பெய்திருப்பது இதனை உளங்கொண்டே எனலாம். நாள்தோறும் விதிகளோடு பழகும் நம்போன்ற எழுத்தர்க்கு அச்சொல்லின் அருமை நன்கு விளங்கும். விலக்கிற்கு இடம் வைத்த விதியே மக்களுக்கென வகுக்கப்பெற்ற விதி.

ஒருவனை ஆசாரியனாகப் பிரதிஷ்டை செய்தலை எபிரேய மொழி ‘கையை நிரப்புதல்’ என்கின்றது. ஆரோன் கைகளிலும் அவன் மைந்தர் கைகளிலும் காணிக்கையின் பகுதிகள் வைக்கப்பெற்றன. இதனைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் ‘நிறைவாக்குதல்’ என்னும் வினையை ஆண்டனர். அவ்வினையையே நிருப ஆசிரியர் கிறிஸ்துவுக்கும், அவரால் தூய்மை பெற்ற அனைவர்க்கும் வழங்குகின்றார். ஒரு குலத்தார்க்கே உரியதாயிருந்த அர்ப்பணம் இவ்வாறு எளியோர்க்கும் உரியதாயிற்று.

அங்ஙனம் நிறைந்த கை யாது செய்தல் வேண்டும்? இறைவனைப் போற்றலும் பிறர்க்குப் பகிர்ந்தளித்தலுமே இனி உவப்பான பலிகள் என 13ஆம் அதிகாரம் விடையிறுக்கின்றது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின், யூத அறிஞரும் வழிபாட்டையும் அறச்செயலையுமே பலியின் இடத்தில் வைத்துப் போற்றினர். வழிகள் வேறாயினும், இரு சமயத்தாரும் இறுதியில் வந்து நிற்பது அடுத்தவன் பசியின் முன்னர்தான். இந்நிருபத்தின் நுண்ணிய வாதங்களையெல்லாம் கற்றும் அவ்விடத்தை அடையாதார், அதனை முற்றக் கற்றவராகார்.